செவ்வாய்ப்பேட்டை வீட்டுச் சாப்பாடு: வருவதற்கு முன் எல்லோரும் கேட்பவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், எங்கள் தாத்தா காலத்து வீட்டில், வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளும் மதியம் மட்டும் இலை போடுகிறோம். பழைய வீடு, பழைய பாத்திரம், பழைய கணக்கு நோட்டில் இருக்கிற சமையல். ஃபோனில் ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்லி என் தம்பி மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வீடு எங்கே இருக்கிறது? கார் வருமா?

லீ பஜாருக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் ஒன்று. பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். சேலம் மார்க்கெட் ஸ்டேஷனில் நிற்கிற ரயிலில் வந்தால் நடந்தே வரலாம். ஜங்ஷனில் இறங்கினால் கொஞ்சம் தூரம்.

கார் வரும். திரும்பத்தான் செய்யாது. மண்டிக்கு லாரி வந்து மூட்டை இறக்குகிற நேரமாகப் போய்விட்டால், நீங்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் கார் அங்கேயேதான் நிற்கும். வண்டியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மண்டி வாசல்களில் நிலக்கடலை, துவரை, மிளகாய் மூட்டை எல்லாம் அடுக்கியிருக்கும். அந்த வாசனையோடு நடந்து வந்தால் பசியும் எடுக்கும்.

எவ்வளவு பழைய வீடு? செட்டிநாட்டு வீடு மாதிரி இருக்குமா?

இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இத்தாலி மார்பிளும் பர்மா தேக்குத் தூணும் எதிர்பார்த்து வந்து, திண்ணையிலேயே முகம் வாடிப் போனவர்களைப் பார்த்திருக்கிறோம். இது தானிய மண்டி வைத்திருந்த குடும்பத்தின் தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி, நாலு பக்கமும் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு. தூண்கள் வேம்பு. முன்கட்டில் பாதி இடம் மூட்டை அடுக்கத்தான் இருந்தது. நீங்கள் உட்கார்ந்து சாப்பிடப் போகிற கூடத்தில் ஒரு காலத்தில் கம்பும் சோளமும் உட்கார்ந்திருந்தன. மேட்டூர் அணை 1934இல் திறந்தார்கள் அல்லவா, அதற்குச் சில வருடம் முன்னால் கிரகப்பிரவேசம் என்று அப்பாயி சொல்வார். பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டதால் அணைதான் எங்களுக்குச் சாட்சி.

சுவர் சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசியது. அதில் சிமென்ட் ஒட்டாது, பெயின்ட் நிற்காது. போன மழைக்கு மேற்குச் சுவரில் ஈரம் ஏறி உதிர்ந்திருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கிற வரைக்கும் அது அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பழைய காலத்துச் சமையல்" என்கிறீர்களே, எந்தக் காலம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"பாரம்பரிய உணவு" என்று பலகை வைத்த இடத்தில் எல்லாம் பாருங்கள், காலம் என்ன என்று யாரும் சொல்வதில்லை. சங்க காலத்தில் தொடங்கி நேற்று வரைக்கும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். மிளகாய், நிலக்கடலை, உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளிக்கிழங்கு எல்லாமே தென் அமெரிக்கா பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவை. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் தலைகாட்டியது. பேரிலேயே தெரியவில்லையா, நமக்கு ஏற்கெனவே தெரிந்த மிளகை வைத்துத்தான் அதற்கு மிளகாய் என்று பேர் வைத்தோம். ஆயிரம் வருடத்துப் பாரம்பரியம் என்று மிளகாய்த் தூளைத் தூவினால் எப்படி?

அதற்காக மிளகாயே இல்லாமல் சமைக்கிறோம் என்று நினைக்காதீர்கள். எங்கள் கணக்கு எளிது. இந்த வீட்டில் ஒரு மளிகை நோட்டு இருக்கிறது. தாத்தாவின் அண்ணன் எழுதியது. 1930களின் ஆரம்பம். காப்பியிங் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஈரக் கை பட்ட இடமெல்லாம் ஊதாவாகப் படர்ந்திருக்கிறது. வீட்டில் என்ன வாங்கினார்கள், கல்யாணத்துக்கு எத்தனை இலை, இலைக்கு என்ன பதார்த்தம், ஆட்களுக்கு என்ன அளந்து கொடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நோட்டில் இருக்கிற பொருளை வைத்து, அந்த நோட்டில் பேர் இருக்கிற பதார்த்தத்தைச் செய்கிறோம். மிளகாய் இருக்கிறது, அதனால் போடுகிறோம். தக்காளி ஒரு இடத்தில்கூட இல்லை, அதனால் கிடையாது. உருளைக்கிழங்கு ஒரே ஒரு கல்யாணத்துக்கு வாங்கியிருக்கிறார்கள், அதுவும் தனி வரியில், விலை அதிகம் என்கிற எரிச்சல் எழுத்திலேயே தெரிகிற மாதிரி. கோஸ், கேரட், பீன்ஸ் இல்லை.

ஆக, இது ஆயிரம் வருடத்துச் சமையல் இல்லை. தொண்ணூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால், சேலத்தில், ஒரு மண்டிக்காரர் வீட்டில் சாப்பிட்டது. அதற்கு மேல் எங்களால் உத்தரவாதம் தர முடியாது.

நோட்டில் சமையல் குறிப்பும் இருக்கிறதா?

குறிப்பு என்று சொல்ல முடியாது. "பதம் பார்த்து இறக்கவும்" என்று இருக்கும். எந்தப் பதம் என்று எழுத மாட்டார்கள், வீட்டில் தெரிந்தவர்கள் இருக்கும்போது எதற்கு எழுத வேண்டும். பதத்தை அப்பாயியிடம் இருந்து அம்மா வாங்கினார், அம்மாவிடம் இருந்து சமையலறையில் இருக்கிற அக்கா வாங்கிக்கொண்டார். அளவு மட்டும்தான் நோட்டில்.

அந்த அளவைப் படிப்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 40 பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் வீசை சுமார் 1.4 கிலோ, பலம் 35 கிராம். 8 ஆழாக்கு ஒரு படி. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நாங்கள் இலை போட ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, நோட்டில் இருந்த நூறு இலைக் கணக்கைப் பத்து இலைக்குக் குறைத்து மிளகு ரசம் வைத்தேன். மிளகு வீசையில் அரை என்று படித்து, அதைப் பத்தில் ஒரு பங்காக்கி, 70 கிராம் போட்டேன். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போய்த் தொட்டி ஓரமாக நின்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அரை இல்லடா, அரைக்கால்" என்றார். அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. 17 கிராம் போட வேண்டிய இடத்தில் நாலு மடங்கு போட்டிருக்கிறேன். அந்தக் காலத்துப் பின்னக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அடுப்புப் பக்கம் என்னை விட்டார்கள்.

இலையில் என்னவெல்லாம் வரும்?

வாரத்துக்கு வாரம் காய் மாறும். மற்றது ஏறக்குறைய இதுதான்.

உட்கார்ந்ததும் பானகம். பிறகு, சாதத்துக்கு முன்னால், கேழ்வரகுக் களி ஒரு சின்ன உருண்டை, கீரைக் கடைசலோடு. அடுத்து சாதம், கொள்ளுப் பருப்பு கடைந்தது, அதன்மேல் நல்லெண்ணெய். நெய் கேட்டால் தருவோம், ஆனால் கொள்ளுக்கு நல்லெண்ணெய்தான் சேரும் என்பது எங்கள் கட்சி. கல்சட்டியில் வைத்த புளிக்குழம்பு, கத்தரிக்காயோ சுண்டை வற்றலோ போட்டது. அவரை, புடலை, வாழைப்பூ, பூசணி இவற்றில் ஒரு பொரியல், ஒரு கூட்டு. மிளகு ரசம். மோர், நார்த்தங்காய் ஊறுகாய். இனிப்புக்குக் கச்சாயம், இல்லாவிட்டால் ஒப்புட்டு. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து வெல்லம் சேர்த்து எண்ணெயில் ஊற்றி எடுப்பது கச்சாயம். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று இருக்க வேண்டும். நடுவும் மொறுமொறுவென்று வந்தால் அன்றைக்கு யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சனிக்கிழமை மட்டும் புளிக்குழம்புக்குப் பதில் அரிசியும் பருப்பும் சாதம். கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள், "என்னங்க, இது வீட்ல செய்யறதுதானே" என்று கேட்டுவிட்டு இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறார்கள்.

இட்லி தோசை கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அது தீபாவளிக்கும் பண்டிகைக்கும்தான்.

விருந்து என்று கூப்பிட்டுவிட்டு முதலில் களியைப் போடுகிறீர்களே?

கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். ஒருவர், "இதைச் சாப்பிடக் கூடாதுன்னுதான் எங்கப்பா என்னைப் படிக்க வெச்சார்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? உருண்டையை எடுத்துவிட்டுச் சாதம் போட்டோம்.

ஆனால் காரணம் இருக்கிறது. நோட்டில் இரண்டு கணக்கு ஓடுகிறது. வலது பக்கம் வீட்டுக் கணக்கு: கிச்சிலிச் சம்பா, துவரை, நெய். இடது பக்கம் ஆட்கள் கணக்கு: மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், புடைக்கிற பெண்கள். அதில் அரிசியே கிடையாது, பண்டிகை நாள் தவிர. கேழ்வரகு, கம்பு, சோளம், தட்டைப்பயறு, கருவாடு. இந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் பெரும்பாலான ஜனங்கள் சாப்பிட்டது இடது பக்கம்தான். வலது பக்கத்தை மட்டும் இலையில் வைத்துவிட்டு "அந்தக் காலத்துச் சாப்பாடு" என்றால் அது பாதிக் கணக்கு. அதனால் இடது பக்கத்திலிருந்து ஒரு உருண்டை.

களியைப் பற்றி ஒரு வார்த்தை. நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, கொதிக்கும்போதே கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கோலால் ஒரு குழி. கிளறவே கூடாது. குழி வழியாகத் தண்ணீர் பொங்கி மாவு மேலே ஏற ஏற, உள்ளே வேகும். பிறகு சட்டியைக் கீழே இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, துடுப்பால் அடித்துக் கிண்ட வேண்டும். அக்காவுக்குத் தோள் இறங்கிப் போகும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சாப்பிடும்போது மெல்லாதீர்கள். விண்டு, கடைசலில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு, "இதையா சாப்பிட்டார்கள்" என்று தோன்றும்.

தக்காளி இல்லாமல் ரசமா?

ரசத்துக்குப் புளிப்பு கொடுப்பது புளி. தக்காளி அப்புறம் வந்து சேர்ந்தது. நம்பிக்கை வராவிட்டால், உங்கள் வீட்டுத் திவசச் சமையலை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அன்றைக்குத் தக்காளி, உருளை, கோஸ், பீன்ஸ் சேர்ப்பதில்லை. "இங்கிலீஷ் காய்கறி" என்று ஒதுக்கிவிடுவார்கள். சில வீடுகளில் மிளகாயும் கிடையாது, மிளகுதான். வாழைக்காய், புடலை, பாகல், சேனை, அவரை இவைதான் வரும். பெரியவர்கள் சாஸ்திரம் என்பார்கள். எனக்கு என்னவோ, புதுக் காய்கள் வருவதற்கு முன்பிருந்த சமையலறை அப்படியே உறைந்துபோய் வருடத்துக்கு ஒரு நாள் வெளியே வருகிற மாதிரி தெரிகிறது. பழைய சமையலைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். உங்கள் வீட்டிலேயே வருடத்துக்கு ஒரு நாள் இருக்கிறது.

எங்கள் ரசம் நாலு பேருக்கு: சின்ன நெல்லிக்காய் அளவு பழைய புளி. மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, துவரம் பருப்பு ஒரு தேக்கரண்டி, நாலு பல் பூண்டு. பருப்பையும் மிளகையும் துளி நெய்யில் வறுத்து, சீரகம் பூண்டோடு அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் நைசாக அரைத்தால் கசப்பு தூக்கும், அடியில் சேறு நிற்கும். புளித்தண்ணீர் பச்சை வாடை போகக் கொதித்த பிறகு, தட்டினதைப் போட்டுத் தேவையான தண்ணீர் விட்டு, விளிம்பில் நுரை கட்டுகிற நேரத்தில் இறக்கிவிடுங்கள். கொதிக்க விட்டால் ரசம் கெட்டது. பெருங்காயம், கறிவேப்பிலை, நெய்யில் கடுகு. இந்த மிளகுத் தண்ணியைத்தான் வெள்ளைக்காரர்கள் "முல்லிகாட்டானி" என்று சீமைக்குக் கொண்டுபோய், கறியையும் மாவையும் போட்டுக் கெட்டியாக்கி சூப் என்றார்கள். அதைக் கேட்டும் ஆள் வருகிறார்கள். அது இந்த வீட்டில் இருந்ததில்லை.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறீர்களாமே, ஈயம் விஷம் இல்லையா?

நல்ல கேள்வி, பயமும் நியாயம். குழப்பம் பேரில் இருக்கிறது. ஈயச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில். விஷம் என்று டாக்டர்கள் சொல்வது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். காரீயம் கலந்த பாத்திரத்தில் புளி பட்டால் அந்தப் புளிப்பே அதைக் கரைத்து உணவில் இறக்கிவிடும், குழந்தைகளுக்கு அது ரொம்பக் கெடுதல். கலப்படம் சந்தையில் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது, கைக்குக் கனமாக இருக்கிறது, வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழுகிறது என்றால் வாங்காதீர்கள். கோடு விழாவிட்டாலும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. உலோகம் சோதிக்கிற இடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் நிச்சயம். எங்களுடையதைச் சோதித்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றினோம்.

இன்னொன்று. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும் வரை ஒன்றும் ஆகாது, தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனால், திரும்பி வரும்போது பர்னரில் வெள்ளிக் குழம்பு ஓடியிருக்கும். அப்பாயியின் சொம்பு இரண்டில் ஒன்று அப்படித்தான் போனது. யார் வைத்தது என்பது எங்கள் வீட்டில் இன்னும் முடியாத விசாரணை.

கல்சட்டி எதற்கு? அழகுக்கா?

இல்லை. மாக்கல்லைக் குடைந்து செய்த சட்டி. சூடேற நேரமாகும், ஏறினால் இறங்காது. குழம்பு முக்கால் வேக்காடு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவோம். மீதியைச் சட்டியே பார்த்துக்கொள்ளும். பரிமாறக் கூடத்துக்குக் கொண்டுவரும்போதும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். "அடுப்பே இல்லாம கொதிக்குதே" என்று குழந்தைகள் எட்டிப் பார்ப்பார்கள். தொட விடாதீர்கள். புளியோடு வினைபுரியாது என்பதால் குழம்பை ராத்திரி வரை அதிலேயே வைக்கலாம்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: புதுச் சட்டியை நேராக அடுப்பில் வைத்தால் படீரென்று விரிசல் விடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி வைத்து, தினமும் சூடான சோற்றுக் கஞ்சியை ஊற்றி ஆறவிட்டு, ஒரு வாரம் பழக்க வேண்டும். முதலில் மிகச் சின்னத் தணல். அவசரக்காரர்கள் எவர்சில்வரிலேயே சமைப்பது நல்லது.

சேலம் வந்துவிட்டு ஜவ்வரிசி இல்லையா? தட்டுவடை செட்?

தட்டுவடை செட் தெருவில் நின்று சாப்பிடுகிற பண்டம். தட்டுவடைக்கு நடுவில் கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்கள், எனக்கும் உயிர். சாயங்காலம் எங்கள் சந்தைத் தாண்டினாலே வண்டிகள் நிற்கும். ஆனால் நோட்டில் அது இல்லை.

ஜவ்வரிசி விஷயம் வேடிக்கையானது. சேலத்துக்கு இன்றைக்கு ஜவ்வரிசிதான் அடையாளம். கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இங்கே மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்ததே இரண்டாம் உலகப் போர் சமயத்தில், கிழக்கே இருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றுபோன பிறகு. அதற்கு முன்னால் அது கப்பலில் வருகிற பண்டம். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். நோட்டில் கல்யாணப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் "ஜவ்வரிசி" வருகிறது, முந்திரிக்கும் குங்குமப்பூவுக்கும் நடுவில்! சீமைச் சரக்கு வரிசையில். அதனால் நாங்களும் அதை எப்போதாவது கல்யாண இலையாகப் போடும்போது மட்டும் பாயசமாக வைக்கிறோம். இன்று கேழ்வரகு ஸ்டார் ஓட்டலில் இருக்கிறது, ஜவ்வரிசி தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. மண்டிக்காரர் பார்த்தால் கணக்குப் பக்கத்தையே மாற்றி எழுதியிருப்பார்.

அசைவம் உண்டா?

ஞாயிறு மட்டும், முன்கூட்டிச் சொன்னால். பின்கட்டில், கிணற்றடி அடுப்பில்தான் வேகும். அந்தக் காலத்திலும் அப்படித்தான். நாட்டுக்கோழி, மிளகும் மல்லியும் தூக்கலாக. பிராய்லர் இல்லை. நாமக்கல் பக்கம் பண்ணைகள் பெருகியதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் கோழி அடித்தால் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று தெரு முழுக்கத் தெரியும். அதனால் ஒரு ஆளுக்கு நாலு துண்டுக்கு மேல் வராது. பள்ளிபாளையம் சிக்கன் கேட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

காப்பி கிடைக்குமா?

கிடைக்கும், ஏற்காட்டுக் கொட்டை. சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் எம்.டி. காக்பர்ன், 1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர். மலை மேலே காப்பி காய்த்துக்கொண்டிருந்தாலும், கீழே இருந்த எங்களைப் போன்ற வீடுகளில் ரொம்ப காலம் காலையில் குடித்தது நீராகாரம்தான். காப்பி கப்பலேறிப் போனது. நோட்டில் காப்பிக்கொட்டை வருகிறது, ஆனால் "விருந்தாளி வகை" என்று தனித் தலைப்பில். வீட்டுப் பெண்கள் குடித்தார்களா என்று அப்பாயியிடம் கேட்டதற்கு, "குடிச்சோம், கணக்குல எழுதல" என்றார்.

கொட்டையை இரும்புச் சட்டியில் நாங்களே வறுக்கிறோம். சிக்கரி கலப்பதில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மலையில் பழம் பறிக்கிற காலம். சாப்பிட்டுவிட்டு ஏற்காடு போகிறவர்களாக இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவும் வயிறு நிறைய கச்சாயமும் ஒத்துப்போகாது. ஒரு மணி நேரம் திண்ணையில் படுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

மாம்பழத்துக்கு என்றால் மே, ஜூன். மல்கோவாவும் இமாம்பசந்தும் வந்துவிடும். பழத்தை வெட்டி வைக்க மாட்டோம், முழுசாக இலையில் வைப்போம். கை வழியக் கடித்துச் சாப்பிட வேண்டும், கிணற்றடியில் தண்ணீர் இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஆடி ஒன்றாம் தேதி வாருங்கள், ஜூலை நடுவில் வரும். அன்று எந்தக் கிழமையானாலும் திறந்திருப்போம். சேலத்தில் அன்றைக்குத் தேங்காய் சுடுகிற பண்டிகை. தேங்காயின் கண்ணைத் திறந்து, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, உள்ளே வெல்லம், பொட்டுக்கடலை, எள், அவல், பச்சைப்பயறு எல்லாம் போட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகி, தெருவில் நெருப்பு மூட்டிச் சுடுவோம். மஞ்சள் பூசிய தேங்காய் கறுத்து, ஓடு வெடித்து, வெல்லப்பாகு கசியும்போது எடுக்க வேண்டும். சாமிக்கு வைத்துவிட்டு உடைத்தால் உள்ளே பருப்பும் பூரணமும் ஒன்றாக வெந்திருக்கும், புகை வாசனையோடு. இதை வெளியூரில் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

யார் வேண்டுமானாலும் வரலாமா? ஆச்சாரம், கட்டுப்பாடு ஏதாவது?

செருப்பைத் திண்ணையில் கழற்றுங்கள். அவ்வளவுதான் ஆச்சாரம்.

இந்தக் கேள்வியை ஒரு பெரியவர் ஃபோனில் ரொம்பத் தயங்கிக் கேட்டார். அவருடைய அப்பா எங்கள் மண்டியில் மூட்டை தூக்கினவராம். அன்றைக்கு இந்தக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட முடியாது. நடைக்கு இந்தப் பக்கம் சிலருக்கு அனுமதி இல்லை. பின்வாசலால் வந்து கிணற்றடியில்தான் சாப்பாடு. ஆட்கள் கணக்கு என்று சொன்னேனே, அது அங்கே சாப்பிட்டவர்களுடையது. நோட்டில் இருப்பதையெல்லாம் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம், இது ஒன்றைச் செய்யவில்லை. பெரியவர் பேரப்பிள்ளைகளோடு வந்தார், கூடத்தில் தொட்டியைப் பார்த்த இடத்தில் உட்கார்ந்தார். களியை ஒரு விண்டு விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அடுத்த வாரத்திலிருந்து கூட்டிவிட்டோம்.

தரையில் உட்கார முடியாதே?

தாழ்வாரத்தில் ஆறு பேருக்கு மேஜை இருக்கிறது. முழங்கால் வலி என்று ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்குக் காரம்?

பருப்பும் கூட்டும் காரமே இருக்காது. ரசத்தில் மிளகு உண்டு, இப்போது சரியான அளவில்.

விலை என்ன? முன்பதிவு கட்டாயமா?

இலைக்கு 380 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே பாதி. கோழிக்குத் தனி. முந்தின நாள் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேழ்வரகு அன்றன்றைக்குத்தான் அரைக்கிறோம். ஒரு நாளைக்கு நாற்பது இலை, பன்னிரண்டரைக்கு முதல் பந்தி, ஒன்றே முக்காலுக்கு இரண்டாவது. தாமதமாக வந்தால் பந்திக்கு நடுவில் உட்கார வைக்க மாட்டோம், திண்ணையில் பானகம் கொடுத்து உட்கார வைப்போம்.

படம் எடுக்கலாமா? கல்யாண ஷூட்டிங்?

சாப்பாட்டை எடுங்கள், வீட்டை எடுங்கள். பக்கத்து இலைக்காரரை எடுக்காதீர்கள். ஷூட்டிங்குக்குத் தருவதில்லை, ஒரு தடவை தந்து, புகை போடுகிற மெஷினால் ஓட்டுக்கடியில் இருந்த குளவிக் கூடு கலைந்து மாப்பிள்ளைக்கு உதடு வீங்கியது.

நோட்டைப் பார்க்கலாமா?

கண்ணாடிப் பெட்டியில் கூடத்திலேயே இருக்கிறது. புரட்ட முடியாது, தாள் நொறுங்குகிறது. மாதத்துக்கு ஒரு பக்கம் நானே திருப்பி வைக்கிறேன். இந்த மாதம் திறந்திருப்பது ஒரு ஐப்பசி மாதக் கணக்கு. மழைக்கு ஒழுகியதில் பாதி ஊதா. கடைசி வரியில் "உப்பு" என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது, அளவு அழிந்துவிட்டது.

மீந்ததைக் கட்டித் தருவீர்களா?

கச்சாயம் தருவோம், இரண்டு நாள் தாங்கும். புளிக்குழம்பு வேண்டுமென்றால் பாத்திரம் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் கவரில் ஊற்றித் தர அம்மா விடமாட்டார். களி கேட்டவர்கள் இதுவரை இரண்டே பேர். அதில் ஒருவர், படிக்க வைத்த அப்பாவைப் பற்றிச் சொன்னாரே, அவர்தான். போகும்போது அம்மாவுக்கு என்று ஒரு உருண்டை வாங்கிக்கொண்டு போனார்.